மெஷினுக்குள் வைத்த கடிதம்

மண்ணெண்ணெயும் பலர் கைபட்ட சில்லறைக் காசும் கலந்த ஒரு வாடை உண்டு. ஆயர் ஈத்தாமில் எங்கள் ஐந்தாம் மாடி வீட்டில் எவ்வளவுதான் சாம்பிராணி போட்டாலும் அதுதான் முதலில் மூக்கில் ஏறும். காசு போட்டால் குளிர்பான டின்னும் பாக்கெட்டும் தள்ளும் 'தண்ணி மெஷின்'களிலிருந்து, காசை வாங்கும் பகுதியை மட்டும் கழற்றி வந்து பழுது பார்ப்பது அப்பாவின் வேலை. செங்கல் அளவில் இருக்கும் அதை அவர் 'வாய்' என்பார். உள்ளே விழும் காசு ஒரு சின்னத் தொட்டிலில் உட்கார்ந்து, எடை சரியாக இருந்தால் ஒரு பக்கம் உருளும். இல்லாவிட்டால் கீழேயுள்ள கிண்ணத்தில் திரும்பி வந்து விழும். வருடக்கணக்கில் ஆடி ஆடித் தொட்டிலின் ஊசி தேய்ந்துவிட்டால், நல்ல காசையே கள்ளக்காசு என்று துப்பிவிடும். அப்பா ஊசியை மாற்றி, இருபது காசு நாணயம் ஒன்றை விட்டுப் பார்த்து, பத்துத் தடவை பிசகாமல் உருண்டால்தான் மூடியைத் திருகுவார்.

எனக்கு ஒன்பது வயதில் அம்மா வீட்டை விட்டுப் போனார். கடலுக்கு அக்கரையில், சிம்பாங் அம்பாட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேரப் போகிறேன் என்று அவர் சொல்ல, "போறதுனா ஒரேயடியா போ" என்று அப்பா சொல்லிவிட்டார். கோபத்தில் வந்த வார்த்தைதான். அம்மா அவரைவிட ரோஷக்காரி. துணிப்பையோடு அங்கிருந்த சித்தி வீட்டுக்கே போய்விட்டார். ஞாயிறுதோறும் பெர்ரி ஏறி வந்து, எங்கள் பிளாட்டுக்குப் பக்கத்துப் பசாரில் என்னைப் பார்த்து, தலை பின்னிவிட்டு, சாப்பிட வைத்து, படியேறாமலே திரும்பிவிடுவார். "ஊரு மெஷின் வாயெல்லாம் ரிப்பேர் பண்றாரு, தன் வாயத் தொறந்து வான்னு ஒரு வார்த்தை கூப்பிடட்டும் லா, அடுத்த பெர்ரியிலயே வந்துர்றேன்" என்பார். அதை அப்பாவிடம் சொன்னால், "போனவளுக்கு வழி தெரியாதா?" என்பார். இரண்டு பிடிவாதத்துக்கும் நடுவில் லோல்பட்டது நான்தான்.

ஒரு நாள் அம்மாவின் கம்பெனி கேண்டீன் மெஷினுடைய 'வாய்' எங்கள் வீட்டுக்கு வந்தது. கட்டியிருந்த அட்டையில் கம்பெனி பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை ஓடியது. அம்மா தினமும் அந்த மெஷினில்தான் காசு போட்டுச் சோயா பால் எடுப்பார். பள்ளிக்கூடக் கொப்பித் தாளைக் கிழித்து, "வீட்டுக்கு வா. நான் கூப்பிடுகிறேன். இப்படிக்கு, அப்பா" என்று எழுதினேன். ஒரு கணவன் மனைவிக்கு அப்படிக் கையெழுத்துப் போடமாட்டான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்பா சோதித்து முடித்துக் குளிக்கப் போன நேரத்தில், மூடியைத் திறந்து தொட்டிலுக்குக் கீழே அதை மடித்துச் செருகினேன். காசு போட்டால் கடிதம் கிண்ணத்தில் வந்து விழும் என்பது என் கணக்கு. அப்பா தன் கையால் கொண்டுபோய் மாட்டினால் அது அப்பா கொடுத்த கடிதம்தானே, பொய்யாகாது என்றும் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

அப்பா மாட்டிவிட்டு வந்த மறுநாளே மெஷின் காசையெல்லாம் விழுங்கிக்கொண்டு நின்றுவிட்டது. முதலாளியிடம் போனில் திட்டு வாங்கிக்கொண்டு, அப்பா மோட்டார் சைக்கிளில் கடல் பாலத்தைக் கடந்து மறுபடி போனார். சாயங்காலம் வந்தவர் என்னையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடி விழப்போகிறது என்று சுவரோரம் ஒதுங்கினேன். "சாப்டியா பாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "மெஷினுக்குள்ள யாரோ குப்பையத் திணிச்சிட்டாங்களாம், ஒரு நாள் முழுக்க சோயா பால் இல்ல." அது குப்பையில்லை, நான் எழுதிய கடிதம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். பயத்தில் சொல்லவில்லை. வாயைத் திறக்காதவர் அப்பா மட்டும்தான் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. பிறகு ஞாயிறுகள் வந்தன, போயின, நான் வளர்ந்தேன், அம்மா ஒரு முறைகூடப் படியேறவில்லை.

இப்போது எங்கள் பிளாட்டின் கீழே நிற்கும் மெஷினில் காசு போட ஓட்டையே கிடையாது. கைப்பேசியைக் காட்டினால் போதும். கார்களையும் ஆட்களையும் ஏற்றிவந்த அந்தப் பழைய பெர்ரிகளும் போய்விட்டன. போன வருடம் அப்பாவும் போய்விட்டார்.

அவருடைய சாமான் பெட்டியில், ஊசிகள் போட்டு வைக்கும் டப்பாவின் அடியில் என் கடிதம் இருந்தது. 'அப்பா' என்பதை ஒரு கோடு போட்டு அடித்து, அதன் கீழே தன் கையெழுத்தைப் போட்டிருந்தார். தேதி இல்லை. அன்று மாலையே போட்டாரா, சாவதற்கு முந்திய வாரம் போட்டாரா, தெரியவில்லை. போட்டவர் ஏன் கொடுக்கவில்லை என்று நினைக்கும்போது இன்றும் அவர் மேல் ஆத்திரம் வருகிறது, அழுகையும் வருகிறது.

கருமாதிக்கு அம்மா வந்தார். அத்தனை வருடங்களுக்குப் பிறகு அன்றுதான் ஐந்தாம் மாடிக்கு ஏறினார். கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு, அந்தக் கையெழுத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"இப்ப எந்தப் பெர்ரியில பாப்பா நான் வர்றது?" என்று கேட்டார். அப்பா உட்கார்ந்து வேலை செய்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் கேட்டார்.