பெருக்கல் குறி போட்ட இடம்

கையெழுத்து கோணலாக இருக்கும், மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றும் தடுமாறுவேன். மகள் எழுதித் தருகிறேன் என்றாள். நானே எழுத வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது.

நான் டைல்ஸ் ஒட்டுகிறவன். இப்போது சிறுசேரிப் பக்கம் வேலை. மகள் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் உலக அரசியலும் பொருளாதாரமும் படிக்கிறாள். எந்த நாட்டில் எண்ணெய் எடுக்கிறார்கள், யார் போய் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று சாப்பிடும்போது சொல்லுவாள். கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்குப் பேச்சு வராது.

பிழைப்புக்காக நாடு விட்டு நாடு போகிறவர்களைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். அவள் என்னைப் பற்றி எழுதினாள். இரண்டு வருடம் என்று வளைகுடாவுக்குப் போனேன். இறங்கிய அன்றே முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, அரபியில் ஒரு தாளை நீட்டினார். கீழே பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தது. அந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ‘என் விருப்பத்தின் பேரில் கொடுத்து வைக்கிறேன்’ என்று அதில் இருந்ததாம். அரபி படிக்கத் தெரிந்த மேஸ்திரி பிறகு சொன்னார். நான் போன மூன்றாம் மாதம் மகள் பிறந்தாள். ஒப்பந்தம் முடிந்தும் பாஸ்போர்ட்டைத் தரவில்லை. நாலு வருடம் கழித்து வீட்டு வாசலில் நின்றபோது அவள் என்னை அங்கிள் என்றாள். அதையும் எழுதியிருந்தாள்.

பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். பாடம் எடுக்கும் மேடம் அந்தக் கட்டுரையை மேசைமேல் வைத்தார். சிவப்பு மையில் ‘ஆதாரம்?’ என்று இருந்தது.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. பாஸ்போர்ட்டை முதலாளி வெச்சுக்கக் கூடாதுன்னு அங்க சட்டமே இருக்கு. புக்ல போட்டிருக்கு. நான் கேட்டது கட்டுரை, உங்க பொண்ணு கதை எழுதியிருக்கா.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். சட்டம் இருந்தது மேடம், பாஸ்போர்ட்தான் கையில் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் “சரிங்க மேடம்” என்றேன். ஆங்கிலத்தில் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். கீழே பென்சிலால் பெருக்கல் குறி. போட்டேன்.

மாடிப்படியில் மகள் அதன் நகலைப் படித்துவிட்டு அப்படியே நின்றாள்.

“இன்னாப்பா பண்ண? நான் எழுதுனது கற்பனை, வேற எழுதித் தரேன்னு இதுல கீது. நீ ஒத்துக்கினு கையெழுத்து போட்டிருக்க.”

“மேடம் குறி போட்டுக் குடுத்தாங்கம்மா.”

“குறி போட்டா போட்டுடுவியா? அங்கயும் அப்டித்தான போட்ட?”

நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவள் படியிறங்கினாள்.

“வாங்க அங்கிள், பஸ் போயிடும்.”

எங்கள் வீடு இருக்கும் அஸ்தினாபுரம் வரும்வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து டைல்ஸ் வெட்டும் மிஷின் சத்தத்தில் நான் தனியாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். என் படிப்பு ஐந்தாம் வகுப்பு என்று கல்லூரி விண்ணப்பத்திலேயே இருக்கிறது. பிறகு எதற்கு ஆங்கிலத் தாள்? படித்துக் காட்ட ஒரு நிமிடம் ஆகுமா? உலகத்தையே பாடமாக நடத்துகிறவர், எதிரே உட்கார்ந்திருந்தவனிடம் “நிஜமா சார்?” என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. புத்தகத்திடம் கேட்டுக்கொண்டார். அவர்மேல் உள்ள கோபம் பாதி. மீதி, தலையாட்டிய என்மேல். பெற்ற மகளைப் பொய்க்காரி ஆக்கியது என் கை.

மகள் விடவில்லை. திரும்பப் போய்க் கேட்டிருக்கிறாள். அனுபவப்பட்டவரே தன் கையால் எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டுத் திங்கட்கிழமைக்குள் கொடுத்தால் ஆதாரமாக எடுத்துக்கொள்வதாக மேடம் சொன்னாராம். அதனால் எழுதுகிறேன்.

மேடம், என் பாஸ்போர்ட் முதலாளியின் இழுப்பறையில், பிஸ்கட் டப்பாவுக்குள், மற்றவர்களுடையதோடு ரப்பர் பேண்டு போட்டு இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். உங்கள் தாளில் நான் போட்டது செல்லாது. என் மகள் எழுதியது அத்தனையும் நடந்தது.

இந்தத் தாளில் யாரும் குறி போட்டுத் தரவில்லை. இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். மகள் எட்டிப் பார்த்து, “தேதி போடுப்பா, இல்லன்னா மேடம் அதுக்கும் சிவப்பு மைல கேப்பாங்க” என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை, ஜூலை 13, 2025.