பெயர் சொல்லாமல் படம் பதியாத கோமதியக்கா

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோமதியக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, நான் ஒரே கல்யாணத்தில் இரண்டாவது முறையாகப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டுக்காரன், இரண்டாவதில் பெண் வீட்டுக்காரன். தேங்காய்ப்பால் சொதிக் குழம்பின் ருசி அப்படி. வலது கை இலையில் இருக்க, இடது கையால் போனைக் காதில் வைத்துக் கேட்டேன். கண் கலங்கியதைப் பார்த்த பரிமாறுகிறவர், "இஞ்சிப் பச்சடி காரமோ அண்ணாச்சி?" என்று மோரை ஊற்றினார். ஆமாம் என்று தலையாட்டி, மோரையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அக்கா கேட்டிருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு மாதம் சிரித்திருப்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில் திருநெல்வேலி டவுணில், ரதவீதியை ஒட்டிய ஒரு மாடியில் அவர் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரை உங்களில் பலர் அறிவீர்கள். கீழே ஜவுளிக்கடை, மேலே நாங்கள். அவர் முதலாளி. நான் கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுதுகிறவன். அதாவது 'அன்புடையீர்' என்று தொடங்கிவிட்டு டீ குடிக்கப் போகிறவன். அவரிடம் ஒரு ஸ்கேனர் இருந்தது. அதன் வெளிச்சம் பட்டால் படத்தில் இருக்கிறவருக்கு ஆயுசு குறையும் என்று ஒரு பேச்சு டவுண் முழுக்கச் சுற்றியது. "என் மாமியார் படத்தைக் கொண்டு வரட்டா?" என்று கேட்டு வந்தவர்களும் உண்டு.

ஸ்கேனர் நத்தை மாதிரி ஊரும். அதனால் அக்கா, கண்ணாடி கொள்ளும் மட்டும் படங்களை அடுக்கி ஒரே ஓட்டத்தில் எடுத்துவிடுவார். திரையில் எல்லாம் சேர்ந்து ஒரே படமாக வந்து நிற்கும். பிறகு மவுஸால் ஒவ்வொன்றையும் சுற்றிக் கட்டம் போட்டு, வெட்டி, புதுப் பக்கத்தில் ஒட்டி, சாய்ந்திருப்பதை நிமிர்த்தி, தனித்தனியாகப் பதிய வேண்டும். நிமிரச் சொல்லிவிட்டு அல்வா வாங்கி வந்துவிடலாம், அத்தனை சுறுசுறுப்பான கம்ப்யூட்டர். ஒருமுறை சோம்பலில் நான் 'படம் 1', 'படம் 2' என்று பெயர் கொடுத்துப் பதிந்தேன். "ஏலே, ஒங்க வீட்ல ஒனக்கு 'பிள்ளை ரெண்டு'ன்னா பேரு வச்சாவ?" என்றார். படத்தில் இருக்கிற அத்தனை பேரின் பெயரும் தெரியாமல் அவர் எதையும் பதிய மாட்டார். யார் பெயரும் விடுபடக் கூடாது.

ஒருநாள் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து சங்கரன், அவர் தம்பி நம்பி, தங்கை வள்ளி மூவரும், போர்வையில் சுற்றிய பெரிய கண்ணாடிச் சட்டத்தோடு வந்தார்கள். நம் வீட்டுக் கூடங்களில் தொங்குமே, தாத்தா முதல் பேரன் வரை எல்லாரையும் ஒரே கண்ணாடிக்குள் நெருக்கி ஒட்டிய சட்டம், அதுதான். அப்பா காலமானபின் வயலும் வாழைத்தோப்பும் வீடும் அண்ணனுக்கும் தம்பிக்கும் பாகமாகிவிட்டன. இது ஒன்றுதான் பிரிக்க முடியாமல் மிச்சம். மழை ஈரத்தில் படங்கள் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தன. உரித்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும். படங்களை ஸ்கேனரில் தனித்தனியாக எடுத்துக்கொண்டு கண்ணாடியை ஆற்றில் விட்டுவிடுவதாகத் திட்டம். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. திட்டுவதைக்கூட எங்களைப் பார்த்தே திட்டினார்கள்.

அக்கா மரச்சட்டத்தைக் கழற்றி, கண்ணாடியை அப்படியே ஸ்கேனர்மேல் கவிழ்த்துப் பகுதி பகுதியாக எடுத்தார். கடைசிப் பகுதியில் கண்ணாடி ஓரத்தில் கீறல் விட்டது. இன்னொரு தடவை கவிழ்த்தால் தாங்காது என்று எல்லாருக்கும் தெரிந்தது. பிறகு பிரிக்க உட்கார்ந்தார். தாத்தா தனியானார். காதுகுத்து தனியானது. கடைசியில் ஒரு படம் நின்றது: நாற்காலியில் அம்மா, மடியில் வள்ளி, இரண்டு பக்கமும் பையன்கள். அந்த அம்மாவுக்கு வேறு படமே கிடையாது.

"இதுல அவனை எடுத்துருங்க. அம்மையும் நானும் போதும்," என்றார் சங்கரன்.

"எனக்கும் அப்படித்தான். அம்மையும் நானும்," என்றார் நம்பி, சுவரைப் பார்த்து.

மாடிப்படியோரம் நின்ற வள்ளி, "அப்படி வெட்டினா முழுப்படம் யாருகிட்டயும் இருக்காதே அக்கா," என்றாள்.

"மக கல்யாணப் பத்திரிகை ஒங்ககிட்டதான்," என்றார் சங்கரன். நான் அக்காவின் முழங்கையை இடித்தேன். மனதுக்குள் வாசகம் பாதி எழுதியே விட்டேன்.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. "அண்ணாச்சி, படத்துலேருந்து படத்தைப் பிரிப்பேன். படத்துக்குள்ள இருக்க ஆளைப் பிரிக்க மாட்டேன். முடியாது."

"அப்ப பாளையங்கோட்டைல வேற ஆளப் பாத்துக்கிடுதோம்."

"பாத்துக்கிடுங்க. இத முழுசாப் பதிஞ்சு மூணு பேருக்கும் தந்துருதேன், பொறவு போங்க. யாரு யாரு இருக்கா? பேரு சொல்லுங்க."

"அம்மை பிச்சம்மா. நான் சங்கரன். மடியில வள்ளி."

"நாலு பேருல்லா தெரியுதாவ?"

சங்கரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நான் உதவிக்கு வாயெடுத்தேன். "நீ சும்மா கெட. ஒனக்கா தம்பி?" என்றார் அக்கா. மின்விசிறி முனகி மெதுவானது. விளக்கு மங்கியது. கரண்ட் போகப்போகிற அடையாளம் அது. போனால், பதியாத படம் திரும்பி வராது. அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, சொல்லிருண்ணே," என்றாள் வள்ளி.

"நம்பி," என்றார் சங்கரன், தொண்டைக்குள்.

"கேக்கல அண்ணாச்சி."

"நம்பி! என் தம்பி நம்பி! போதுமா?"

அக்கா நிதானமாகத் தட்டினார். படம் பதிந்ததாகத் திரை சொன்னது. அடுத்த மூச்சில் கரண்ட் போனது. அந்த அரையிருட்டில் முதலில் வந்தது நம்பியின் குரல்: "அண்ணே, பதிஞ்சிட்டா?"

"பதிஞ்சிட்டுலே," என்றார் சங்கரன்.

அவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். வாய்க்கால் தண்ணீருக்கு அடுத்த மாதமே சண்டை என்று கேள்வி. ஆனால் மூன்று வீட்டிலும் அந்தப் படம் முழுதாக இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை வேறு கடைக்குப் போனது.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, குரலை உயர்த்தாமல் சொல்லும் அந்த 'முடியாது'. வெளியில் எனக்குப் பாதி வருகிறது. வீட்டில் அதுவும் வருவதில்லை. இப்போது போனிலேயே விரலால் தேய்த்தால் படத்திலிருந்து ஆள் காணாமல் போகிறார். சொந்தக்காரர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள். நான் செய்வதில்லை, செய்யவும் மாட்டேன்.

காரியத்தன்று அக்காவின் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். நல்ல படம், சிரித்த முகம். இடது தோளில் மட்டும் வேறு யாருடையவோ விரல்கள் இருந்தன. அக்காவின் தம்பி மகளிடம் கேட்டேன்.

"அது எங்க பெரியத்தை கை, இவுகளுக்கு அக்கா," என்றாள். "ரெண்டு பேருக்கும் பேச்சு கெடையாது. கோமதியத்தையே கம்ப்யூட்டர்ல உக்காந்து வெட்டுனதுதான்."