வெள்ளிக்கிழமை ரெண்டு மணிப் பட்டியல்

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் ரெனிட்டாவின் பதவி ‘சிஸ்டம் இன்சார்ஜ்’. பிரிண்டரில் சிக்கிய பேப்பரை உருவுவதும், மேனேஜர் மறந்த பாஸ்வேர்டை அவருக்கே நினைவுபடுத்துவதும் அதில் அடக்கம். விரிஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் நின்றபடியே தூங்கிக்கொண்டு வருவாள். இருபத்தேழு வயது. கொட்டாவிக்கு மட்டும் ஐம்பது.

2008-ல் அவள் உருப்படியாகச் செய்தது ஒன்றுதான்: எந்தத் தோலில் எதை வெட்டுவது என்று காட்டும் திரை. கம்பெனியின் இரண்டு யூனிட்டுக்கும் ஒரே முகவரி. தோல் மூட்டையில் சீட்டு கட்டி அனுப்புவதுபோல, சர்வருக்குப் போகும் ஒவ்வொரு கேள்வியின் தலையிலும் ‘எக்ஸ்-யூனிட்: 2’ என்பதுபோல ஒரு ஹெடர் போகும். அதைப் படித்து, அந்தந்த யூனிட்டின் வெட்டுப் பட்டியலைச் சர்வர் அனுப்பும்.

நெட்வொர்க் லைன் நத்தையாக ஊர்ந்ததால், புதிதாக ஒரு ப்ராக்ஸிப் பெட்டியையும் நடுவில் வைத்தாள். ஒருமுறை வந்த பக்கத்தை அது ஐந்து நிமிஷம் பிரதி வைத்திருக்கும். மறுபடி யாராவது கேட்டால் சர்வரைத் தொந்தரவு செய்யாமல் தானே கொடுத்துவிடும்.

அந்த வாரமே வெள்ளிக்கிழமை மதியம், இரண்டாம் யூனிட் கட்டிங் சூப்பர்வைசர் ஷபீ அஹமது, கறுப்பில் வெட்ட வேண்டியதைப் பழுப்பில் வெட்ட வைத்தார். நூற்றைம்பது தோல் பாழ்.

“ஸ்க்ரீன்ல பழுப்புன்னுதான் இருந்துச்சு சார்.”

மேனேஜர் நெல்வின் சர்வர் பதிவைக் கேட்டார். ரெனிட்டா எடுத்துக் கொடுத்தாள். அன்று மதியம் இரண்டாம் யூனிட் பட்டியலைக் கேட்டதாகவே அதில் இல்லை.

“பாக்காமலே வெட்டிட்டு ஸ்க்ரீன் மேல பழி போடுறாரு. அடுத்த சனிக்கிழமையோட பாயை அனுப்பிடலாம்.”

சாயங்காலம் ஷபீ அஹமது அவள் மேஜைக்கு வந்தார்.

“முப்பது வருஷமா தோல் பாக்குற கண்ணும்மா. இப்ப எனக்கே டவுட்டா கீது. ரொம்ப பேஜாரா போச்சு.”

அவள் எழுதிய நிரல்தான் அவரைப் பொய்யராக்கியிருந்தது. அவள் மறுபடி மறுபடி சோதித்தாள். முதல் யூனிட்டில் பட்டியலைத் திறந்து பார்த்து, வெயிலில் பத்து நிமிஷம் நடந்து இரண்டாம் யூனிட்டில் திறப்பாள். கறுப்பு கறுப்பாகவே வரும். வியாழக்கிழமைக்குள் செருப்புக் கம்பெனியில் அவள் செருப்பே அறுந்துபோனது.

வெள்ளிக்கிழமை வேறு வழி தெரியாமல் இரண்டாம் யூனிட்டில் போய் உட்கார்ந்தாள். ஜும்மா முடிந்து ஷபீ அஹமது தொப்பியோடு வந்தார். முகத்தில் புதுக் கண்ணாடி.

“இன்னா பாய், கண்ணாடி?”

“கண்ணு மேலயே பழி போடலாம்னுதான்.”

ரெண்டு மணி பெல் அடித்தது. திரையைத் திறந்தார். பழுப்பு!

“பாத்தியாம்மா? பாத்தியா?”

ரெனிட்டா முதல் யூனிட்டுக்குப் போன் போட்டாள். இப்போதுதான் திறந்தோம், எங்களுக்குப் பழுப்புதான் என்றார்கள். ஆறு நிமிஷம் காத்திருந்து மறுபடி திறந்தாள். கறுப்பு.

மற்ற நாட்களில் காலையில் ஒரு தடவை பட்டியல் பார்ப்பதோடு சரி. முதல் யூனிட் எட்டுக்கு, இரண்டாவது எட்டரைக்கு. வெள்ளிக்கிழமை மட்டும் தொழுகை முடிந்து இரண்டும் ஒரே பெல்லில் தொடங்கும். முகவரி ஒன்றுதானே என்று பெட்டி, ஹெடரைப் பார்க்காமல் முதல் யூனிட்டின் பிரதியை இரண்டாவதுக்கு நீட்டிவிட்டது. கேள்வி சர்வர் வரை போகவே இல்லை. அவள் நடந்த பத்து நிமிஷத்தில் பிரதி செத்துப்போயிருக்கும்.

‘இந்த ஹெடர் மாறினால் பதிலும் மாறும், பிரதியைத் தனித்தனியாக வை’ என்று சர்வர், ப்ராக்ஸிப் பெட்டிக்குச் சொல்ல வேண்டும். ஒரே வரி. எழுத இரண்டு நிமிஷம் ஆனது. மேனேஜர் அறைக்குப் போகத்தான் முக்கால் மணி நேரம் ஆனது.

“தப்பு என்னோடது சார். பாய் பாத்துட்டுதான் வெட்டினார்.”

நெல்வின், சனிக்கிழமைக்காகத் தயாராக வைத்திருந்த மெமோவைக் கம்ப்யூட்டரில் திறந்தார். ஷபீ அஹமது என்ற பெயரை அழித்து அவள் பெயரைப் போட்டார். பிரிண்ட் கொடுத்தார். பேப்பர் சிக்கியது.

“ரெனிட்டா, கொஞ்சம் பாரும்மா.”

தன் மெமோவைத் தானே உருவியெடுத்து, தானே கையெழுத்துப் போட்டாள்.

வாசலில் ஷபீ அஹமது நின்றிருந்தார். பேப்பரை வாங்கிக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்; எழுத்து தெரியவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுதும் படித்தார்.

“கண்ணு கொஞ்சம் கம்மிதான்மா,” என்றார் மெதுவாக. “மேனேஜர்கிட்ட சொல்லிடாத.”