ஒரே பேரில் இரண்டு சர்வர்

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் இருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்து பெருக்கித் துடைக்க வேண்டும். பிறகு மாடிப்படிக்குக் கீழே உள்ள சின்ன அறையைத் திறந்து சர்வரைப் போட வேண்டும். மறுபடி பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். சாயங்காலம் அதை அணைப்பதும் நான்தான்.

சேர்ந்த புதிதில் ஒருநாள், “இன்னிக்கு சர்வர் வரலை” என்று வரவேற்பில் இருந்த பெண் சொன்னதும், யாரோ லீவு போட்டுவிட்டார் என்று நினைத்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஓர் ஓட்டலில் பல வருஷம் சர்வராக இருந்தவன் நான். படிப்பு ஐந்தாவதோடு சரி. வேறு சர்வர் எனக்குத் தெரியாது.

சில மாதங்களுக்கு முன் அந்த சர்வர் பெட்டி முனக ஆரம்பித்தது. இங்கே பரிசோதனைக்கு வந்த எல்லோருடைய முடிவுகளும் அதற்குள்தான் இருக்கின்றன. அது செத்தால் எல்லாம் போச்சு என்றார்கள். அதைக் காப்பாற்ற பாலக்கரையிலிருந்து ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்தார். கம்பெனி வேலையை விட்டுத் தனியாகத் தொழில் தொடங்கியிருந்தார். அவருக்கு இதுதான் முதல் பெரிய வேலை.

பெட்டியைத் தூக்க ஆள் வேண்டுமா என்று கேட்டேன்.

“பெட்டியை இல்ல அண்ணா. உள்ள இருக்கிறதை மட்டும் அப்படியே நகல் எடுத்து, மாடியில இருக்கிற புது கம்ப்யூட்டருக்குள்ள வச்சிடுவோம். அதுக்குள்ள இது தனிப் பெட்டி மாதிரியே ஓடும். விர்ச்சுவல் மெஷின்னு பேரு” என்றார்.

கேட்க எளிதாக இருந்தது. நடக்கத்தான் இல்லை. நகல் தொண்ணூற்றெட்டு சதவீதம் வரை போய் நின்றுவிடும். மூன்று நாள் மத்தியானமும் அதே இடம்தான்.

“என்னம்மா, இன்னிக்கும் தொண்ணூத்தெட்டா? நூறு வாங்கவே மாட்டியா?” என்றார் மேனேஜர்.

“நூறு வாங்கினா அடுத்த தடவை நூத்திப்பத்து கேப்பீங்க சார்” என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் தன் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார்.

நான் டீ கொடுக்கும் சாக்கில் நின்று பார்ப்பேன். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றுவார். மாற்றியதை எழுதுவார், பிறகு ஓடவிட்டுப் பார்ப்பார். பலிக்கவில்லை என்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவார். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்து, பழைய டிஸ்க்கில் ஓரிடம் கெட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். அதைச் சரிசெய்ததும் நூறு வந்தது. ஆனால் மாடியில் நகலை எழுப்பியபோது திரை நீலமாகி நின்றுவிட்டது.

மேனேஜர் தலையில் கை வைத்தார். அந்தப் பெண்ணோ, “வீடு மாறினது அதுக்குத் தெரியல. பழைய வீட்டு வாசலையே தேடுது. புது வாசல் எங்க இருக்குன்னு சொல்லிக் கொடுக்கணும்” என்று சொல்லிவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார். நோய்க்காரனைப் பார்த்த டாக்டர் பேசுவதுபோல் இருந்தது. சலிப்பில் அந்தப் பெட்டியைத் தட்டியதோ திட்டியதோ கிடையாது.

சனிக்கிழமை மேனேஜர் கறாராகச் சொன்னார். “திங்கட்கிழமை காலையில புதுசு ஓடணும். இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்.”

ஞாயிறு எனக்கு லீவு. அன்றைக்கு அந்தப் பெண்ணும் மேனேஜரும் வந்து, மேனேஜரிடம் இருந்த இன்னொரு சாவியால் அறையைத் திறந்து வேலையை முடித்துவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை வழக்கம்போல் வந்தேன். அறையைத் திறந்தால் சர்வரின் பின்னால் நெட்வொர்க் கேபிள் கழன்று தொங்கியது. எலி வேலையாக இருக்கும். ‘டிக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்திச் செருகினேன். ஸ்விட்சைப் போட்டேன், பூட்டினேன்.

ஏழு மணிக்குக் கூட்டம் சேர்ந்தது. மண்ணச்சநல்லூர், திருவெள்ளறை என்று முதல் பஸ் பிடித்து வெறும் வயிற்றோடு வந்தவர்கள். கொஞ்ச நேரத்தில் வரவேற்பில் குழப்பம். ஒருவர் பெயரைப் பதிந்தால் ஏறுகிறது, அடுத்த நிமிஷம் காணோம்.

“தீர்த்தம்கூட சாப்பிடாம வந்து நிக்கறேன். இன்னும் எத்தனை நாழி?” என்றார் ஒரு பெரியவர்.

மாடியில் அந்தப் பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் பாட்டிலோடு வாசலில் நின்றேன்.

“நேத்து நல்லா ஓடிச்சும்மா. இப்ப என்ன?” என்றார் மேனேஜர்.

“ஒரே பேர்ல ரெண்டு சர்வர் நிக்குது சார். கீழேயிருந்து எதையாவது கேட்டா, ஒரு தடவை இது ஓடுது, ஒரு தடவை அது ஓடுது. பழசை யாராவது ஆன் பண்ணாங்களா? வேண்டாம்னு உங்ககிட்ட சொல்லியிருந்தேனே?”

“அந்த ரூம் பூட்டியிருக்கு. இப்பதான் பாத்துட்டு வரேன். சும்மா சாக்கு சொல்லாதம்மா. பழசையே போட்டுக்கறோம், நீ கிளம்பு.”

எங்கள் ஓட்டலில் ஒரே பெயரில் இரண்டு சர்வர் இருந்தோம். முதலாளி கூப்பிட்டால் இருவரும் ஓடுவோம். ஒரு டேபிளுக்கு இரண்டு தோசை போகும், பக்கத்து டேபிளுக்கு ஒன்றும் போகாது. மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்கு அந்தப் பெண் சொன்னது உடனே விளங்கிவிட்டது. சாவி என் பையில் இருந்தது.

நாலு பேர் நடுவில் பேசி எனக்குப் பழக்கமில்லை. அந்தப் பெண் பையை எடுத்து லேப்டாப்பை உள்ளே வைக்கப் போனார்.

“நான்தான் மேடம் போட்டேன்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். “கேபிள் தொங்கிச்சு. செருகிட்டேன்.”

“அறிவிருக்காய்யா உனக்கு?” என்று மேனேஜர் பாய்ந்தார்.

“அவர் என்ன சார் பண்ணுவார்? தினம் செய்ற வேலையைச் செஞ்சிருக்கார். கேபிளைக் கழட்டி விட்டது நான்தான். அதுமேல ஒரு பேப்பர் ஒட்டியிருக்கணும், என் தப்பு” என்றார் அந்தப் பெண். மேனேஜரிடம் சொல்லிவைத்ததைப் பற்றி இரண்டாவது முறை பேசவில்லை. மேனேஜருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். கூட்டத்தைச் சமாளிக்கக் கீழே இறங்கிப் போனார்.

கீழே ஓடி அறையைத் திறந்தேன். ஸ்விட்சில் கை வைத்ததும், பின்னாலேயே வந்த அந்தப் பெண் தடுத்தார்.

“இருங்க அண்ணா, அணைக்காதீங்க. காலையில வந்தவங்க சில பேர் இதுல ஏறியிருப்பாங்க. முதல்ல கேபிள் மட்டும்.”

கழற்றினேன். அந்த அவசரத்திலும் அவர் தரையில் உட்கார்ந்து, பழையதில் ஏறியிருந்த பெயர்களை ஒவ்வொன்றாக நோட்டில் எழுதினார். பிறகுதான் அணைக்கச் சொன்னார். மேலே போய் அவற்றைப் புதியதில் தானே பதிந்தார். ஒருவர் பெயரும் விட்டுப்போகவில்லை. தீர்த்தம் சாப்பிடாத பெரியவரும் ரத்தம் கொடுத்துவிட்டுக் காபிக்குப் போனார்.

கூட்டம் குறைந்ததும் அந்தப் பெண் ஒரு வெள்ளைத்தாளும் மார்க்கர் பேனாவும் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

“நீங்க எழுதுங்க அண்ணா. என் தமிழ்க் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்.”

“என்னன்னு மேடம் எழுதறது?”

“உங்களுக்கு என்னன்னு சொல்லியிருந்தா காலையில புரிஞ்சிருக்கும்? அதையே எழுதுங்க.”

கொஞ்சம் யோசித்து எழுதினேன்: ‘கேபிள் தொங்கினால் தொங்கட்டும்.’

வாய்விட்டுச் சிரித்தார். தன் நோட்டைப் பிரித்து அந்த வரியையும் எழுதிக்கொண்டு, தாளை நான்கு மூலையிலும் டேப் போட்டுப் பழைய பெட்டிமேல் ஒட்டினார்.