கரி படிந்த முகம்

தெருமுனை இஸ்திரி வண்டியின் கரிப்புகை வீட்டுக்குள் வரும்போதெல்லாம், கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வாசலில் வந்து நின்ற ஒரு முகம் நினைவுக்கு வருகிறது.

எனக்கு அப்போது ஆறு வயது. என்னைக் கைக்குழந்தையாக விட்டுவிட்டு தில்லிக்கு வேலைக்குப் போன அத்தா, நாள்கணக்கில் ரயிலில் வந்து சேர்ந்திருந்தார். முகமெல்லாம் தாடியும் எஞ்சின் கரியும். சுவரில் மாட்டியிருந்த படத்தில் அவருக்குத் தாடியே இல்லை.

“இது வேற ஆளும்மா” என்று முந்தானையை இழுத்தேன்.

அம்மாவுக்கும் சந்தேகம்தான். பாதி திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு, “வீட்டுல என்னெ என்ன பேரு சொல்லி விளிப்பீங்க?” என்று கேட்டாள்.

வேடிக்கை பார்த்த அக்கம்பக்கத்தாரை ஒருமுறை பார்த்துவிட்டு, அவர் மெல்லச் சொன்னார்: “வாத்து.”

அம்மா சிரித்தாள், அழுதாள், கதவைத் திறந்தாள். எனக்கோ சந்தேகம் இன்னும் கூடியது. என் அம்மாவை வாத்து என்கிறவர் எப்படி நல்லவராக இருக்க முடியும்? அந்த மழைக்காலம் முடியும்வரை நான் அவர் மடியில் உட்காரவே இல்லை.