பாப்பாவுக்குச் சுட்டி உண்டா?

மூன்று வருஷத்துக்கு முன்பு, ஒரு மழைக்காலத்தில் போர்ட் பிளேரில் நடந்தது இது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அரசாங்க வேலை கிடைத்து நான் அந்தமான் வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. ஜங்லிகாட் பகுதியில் ஒரு வாடகை வீட்டில் நானும் மனைவியும் மட்டும். பிரசவத்துக்கு அவளை ஊருக்கு அனுப்புவதாகத்தான் ஏற்பாடு. அதற்குள் ரத்த அழுத்தம் ஏறி, மாதம் நிறையும் முன்பே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்துவிட்டார்கள்.

பெண் குழந்தை. எடை போதவில்லை, உடம்பில் சூடு நிற்கவில்லை என்று கண்ணாடி போட்ட தனி அறையில் வைத்துவிட்டார்கள். மனைவிக்கோ காய்ச்சல், எழுந்து உட்காரவே முடியவில்லை. ஊரிலிருந்து உடனே யாரும் வர வழியில்லை. குழந்தை தங்குமா என்று யாரிடமும் கேட்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

எங்களைப் போன்ற அரசாங்க ஊழியர்களுக்கு, அப்பா ஆனால் பதினைந்து நாள் லீவு உண்டு. ஆனால் தீவில் வேலை பார்ப்பவன் லீவை லேசில் தொடமாட்டான். எல்லாவற்றையும் மெயின்லேண்ட் போவதற்கென்று பொத்திப் பொத்தி வைப்பான். இந்த லீவையும் ஆறு மாதத்துக்குள் எடுத்தால் போதும். "ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து நீ என்னப்பா கிழிக்கப் போறே? காதுகுத்துக்கு ஊருக்குப் போறப்ப எடுத்துக்கோ" என்று ஆபீஸ் நண்பர் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது. மறுநாள் காலை, எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே ஆபீஸ் போகலாம் என்று கிளம்பினேன்.

குழந்தை இருந்த அறையின் வாசலில் நின்றிருந்த சிஸ்டர் வங்காளப் பெண். என்னைப் பார்த்ததும் சத்தமாகக் கேட்டார்.

"பாப்பா கிதர் ஹை? பாப்பா கோ புலாவோ!"

அப்போது என் ஹிந்தி காய்கறிக் கடையைத் தாண்டாது. ஆனாலும் 'கிதர் ஹை' என்றால் 'எங்கே' என்று தெரியும். பாப்பா எங்கே என்று சிஸ்டரே கேட்டால்? கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, "அந்தர்! பாப்பா அந்தர் ஹை!" என்று உள்ளே கைகாட்டி அலறினேன்.

சிஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாப்பா கா சுட்டி ஹை க்யா?"

சுட்டி எனக்குத் தெரிந்த வார்த்தை. வார்டில் யாரையாவது வீட்டுக்கு அனுப்பினால் அப்படித்தான் சொல்வார்கள். இந்த நிலைமையில் என் குழந்தையை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்களா? "நஹீ! சுட்டி நஹீ!" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். சிஸ்டர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உள்ளே திரும்பினார்.

பெஞ்சில் இருந்த ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தீவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்; அவள் குழந்தையும் அதே அறையில்தான் இருந்தது.

"அண்ணா, அவங்க எங்கே, கூப்பிடுன்னு கேட்டது உங்களைத்தான். ஹிந்தியில பாப்பான்னா அப்பா. சுட்டின்னா லீவும்தான். உங்களுக்கு லீவு இருக்கான்னு கேட்டா, இல்லவே இல்லைன்னு கும்புடுறீங்களே!"

அவளே சிஸ்டரைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு எனக்கு விளக்கினாள். "அண்ணிக்கு முடியலல்ல? அப்பாதான் குழந்தையை நெஞ்சுல போட்டுக்கணுமாம். சட்டை இல்லாம, தோலோட தோலா. அதுதான் குழந்தைக்குச் சூடு. ரோஜ் வரணும், ஒருநாள் விடாம மணிக்கணக்கா இருக்கணும்னு சொல்றாங்க."

அங்கிருந்தபடியே ஆபீசுக்குப் போன் செய்து லீவு சொன்னேன். சட்டையைக் கழற்றி நாற்காலியில் சாய்ந்ததும், அந்தச் சின்ன உடம்பை என் நெஞ்சில் வைத்து ஒரு துணியால் கட்டினார்கள். ஜில்லென்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த ஜில்லிப்பு போனது. நான் வாய்விட்டு அழுதேன். பிறகு சக்கர நாற்காலியில் வந்து எங்களைப் பார்த்த மனைவி, "என்னங்க இது, கங்காரு வேஷம்?" என்றாள், தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். லீவு முடியும் முன்பே குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டது.

அந்தப் பெண்ணின் குழந்தை இன்னும் அங்கேயே இருந்தது. அவள் கணவர் ஒரு காண்ட்ராக்டரிடம் தினக்கூலி. சாயங்காலம் ஓடி வந்து, கையில் ஒட்டிய சிமெண்டைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, குழந்தையைக் கொஞ்ச நேரம் நெஞ்சில் வைத்துக்கொள்வார். பகலெல்லாம் அவள்தான், ஆபரேஷன் தையலோடு. "அவரையும் இருக்கச் சொல்லேம்மா" என்றேன் ஒருநாள். "கூலிக்காரங்களுக்கு ஏதுண்ணா சுட்டி?" என்றாள், சிரித்துக்கொண்டேதான். அவர்கள் குழந்தையும் பிழைத்தது. ஆனால் வீடு போகப் பல நாள் ஆனது.

என் மகள் இப்போது அசல் தீவுப் பிள்ளை. என்னை 'பாப்பா' என்றுதான் கூப்பிடுகிறாள். ஊருக்குப் போனால் சொந்தக்காரர்கள், "யாருடி உனக்குப் பாப்பா?" என்று கிண்டல் செய்கிறார்கள். நான் திருத்துவதில்லை. அவள் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த அந்த மனிதர் என் கண்முன் வந்துவிடுகிறார். என் நெஞ்சில் இருந்த அதே சூடு அவர் நெஞ்சிலும் இருந்தது, சுட்டிதான் இல்லை.