பக்கத்து வீட்டு வாசலில் இரண்டு வெள்ளை விளக்குகள்

அறைகலன் கடையில் உருண்டையான வெள்ளைக் காகித விளக்குகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். செங்காங்கில் எங்கள் புது வீட்டுக்கு இரண்டு வாங்கலாம் என்றார் கணவர். சுவர் வெள்ளை, சோபா வெள்ளை, விளக்கும் வெள்ளையாக இருந்துவிட்டால் அம்சமாக இருக்குமாம். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். கடையில் நின்றுகொண்டு சொல்கிற காரணமா அது? திரைச்சீலைப் பக்கம் போனேன், அங்கிருந்து கால்மிதி விற்கும் பக்கம் போனேன், சுற்றிச் சுற்றி மறுபடியும் விளக்குகளிடமே வந்து நின்றேன். இதே போல இரண்டு விளக்குகளை ஒருமுறை என் அண்ணி தன் கையாலேயே செய்து மாட்டினாள். மாட்டிய இடம்தான் தப்பாகப் போய்விட்டது.

அண்ணி திருவாரூரிலிருந்து கல்யாணமாகி எங்கள் குவீன்ஸ்டவுன் வீட்டுக்கு வந்தபோது நான் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணனுக்குக் கப்பல் பட்டறையில் ஷிப்ட் வேலை. அம்மா பள்ளிக்கூட உணவகத்துக்கு விடியுமுன்னே கிளம்பிவிடுவார். நானும் போன பிறகு, அந்த மூன்றறை வீட்டில் அண்ணியும் மின்விசிறியும்தான். வீடு அம்மாவுடையது. சாமி மாடம் எங்கே, நாற்காலி எங்கே, எந்த உறை எந்தத் தலையணைக்கு என்பதெல்லாம் அண்ணி வருவதற்கு வெகுகாலம் முன்பே முடிவாகியிருந்தது. அம்மா கெட்டவர் இல்லை, ஆனால் ஒரு பூச்சாடியை இடம் மாற்றினாலும் கண்டுபிடித்துப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் வைத்துவிடுவார். அண்ணிக்கென்று மிஞ்சியது வாசல் ஒன்றுதான். அந்த வாசலையும் அதை ஒட்டிய காரிடாரையும் அவள் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்குக் கை சும்மா இருக்காது. உட்கார்ந்திருக்கும்போதும் விரல்கள் முந்தானை நுனியை மடித்துப் பிரித்துக்கொண்டே இருக்கும். தேக்கா சந்தைக்குக் காய் வாங்கப் போனால் ஜிகினாத் தாளோடு திரும்புவாள். உறிஞ்சு குழல், ஐஸ்கிரீம் குச்சி, சீனப் புத்தாண்டுக்குப் பணம் வைத்துக் கொடுத்து, முடிந்ததும் வீசிய அங்பாவ் உறை, எது கிடைத்தாலும் வெட்டுவாள், ஒட்டுவாள், கோப்பாள், வாசலில் மாட்டுவாள். மூன்றாவது நாள் அது அலுத்துவிடும், கழற்றிவிட்டு வேறொன்று. பள்ளி விட்டு வரும்போது இன்று என்ன தொங்குகிறதோ என்று நினைத்துக்கொண்டேதான் மின்தூக்கியிலிருந்து இறங்குவேன். அவள் அழகுக்காக மட்டும் இதைச் செய்யவில்லை என்று அப்போதே எனக்குத் தோன்றும். கை நின்றால் அழுதுவிடுவாள் போலிருக்கும். வந்த மாதத்திலிருந்தே, "எனக்கு இங்க யாரு இருக்கா?" என்று அண்ணனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஊருக்கே திரும்பிவிடுவாளோ என்று அண்ணனுக்கு உள்ளூர பயம்.

அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில், பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி. இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. ஆன்ட்டி தினமும் மத்தியானம் கம்பிக் கதவருகே வந்து, "சுடா மக்கான்?" என்பார். சாப்பிட்டாயிற்றா என்பதற்கு மலாய். சாப்பாடு சூடாக இருக்கிறதா என்று கேட்கிறார் என நினைத்துக்கொண்டு அண்ணி, "சூடா, சூடா" என்பாள். ஆன்ட்டியின் காதில் அது "ஆச்சு, ஆச்சு" என்று விழும். இப்படிப் பல மாதம் இருவரும் வெகு திருப்தியாகப் பேசிக்கொண்டார்கள். விஷயம் தெரிந்து நான் விழுந்து விழுந்து சிரித்தபோது அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. "அவங்களுக்குப் புரிஞ்சிதுல்ல? ஒனக்கென்ன?" என்றாள். ஆன்ட்டியின் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். கீழே காப்பிக் கடைக்குப் போகும்போது எங்கள் வாசலில் நின்று, அன்றைக்குத் தொங்குவதை ஒரு விரலால் தட்டிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போவார்.

அந்த அங்கிள் நோயில் விழுந்து மருத்துவமனையில் கிடந்தபோதுதான் தீபாவளி நெருங்கியது. ஆன்ட்டி காலையில் போனால் சாயங்காலம் வருவார். முகம் சுருங்கிப்போயிருந்தது. அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அண்ணி தவித்தாள். அண்ணன் கொண்டுவந்திருந்த நல்ல வழவழப்பான வெள்ளைத் தாளில் இரண்டு விளக்குக் கூடுகள் செய்தாள். இதழ் இதழாக வெட்டி, கீழே நீல ரிப்பன் குஞ்சம் கட்டியிருந்தாள். மல்லிகைப் பந்து மாதிரி அத்தனை அழகு. எங்கள் வாசலுக்கு என்றுதான் நினைத்தேன். ஆனால் அண்ணி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ஆன்ட்டியின் கம்பிக் கதவுக்கு இருபுறமும் மாட்டினாள். களைத்து வருகிறவர் பார்த்ததும் சந்தோஷப்படட்டும் என்று நினைத்தாள். எங்களுக்கு வெள்ளை என்றால் பூ. சீனர்கள் வாசலில் ஒரு ஜோடி வெள்ளை விளக்கு தொங்கினால் அந்த வீட்டில் சாவு என்று அண்ணிக்கு யார் சொன்னார்கள்? எனக்கும் அது தெரியாது.

ஆன்ட்டி மின்தூக்கியிலிருந்து வெளியே வந்தார். கதவைப் பார்த்தார். கையிலிருந்த பை கீழே விழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தார். தான் பேருந்தில் வந்துகொண்டிருந்த நேரத்தில் கணவர் போய்விட்டார், மகன் முந்திக்கொண்டு வந்து விளக்கு மாட்டியிருக்கிறான் என்று நினைத்துவிட்டார். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "எப்போ? எப்போ?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எதைக் கேட்கிறார் என்றே எனக்கு விளங்கவில்லை. அந்த நேரம் பார்த்து அம்மா வந்து சேர்ந்தார். "ஐயோ, யாரு இத மாட்டுனது? செத்த வூட்டுக்கு மாட்டுறதுலா இது!" என்று கத்திக்கொண்டே இரண்டையும் பிய்த்தெடுத்தார். ஆன்ட்டியின் மகனைத் தொலைபேசியில் அழைத்தோம். அப்பா கஞ்சி கேட்கிறார், நன்றாக இருக்கிறார் என்றான். ஆன்ட்டி எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு மத்தியானங்களில் கம்பிக் கதவருகே யாரும் வரவில்லை. அண்ணி மட்டும் அந்த நேரத்துக்குப் போய் நிற்பாள், திரும்புவாள், மறுபடியும் நிற்பாள். தீபாவளிக்கு வாசலில் ஒன்றுமே மாட்டவில்லை. கத்தரிக்கோலைத் தொடவே இல்லை. தீபாவளி முடிந்த கொஞ்ச நாளில் அங்கிள் உண்மையாகவே இறந்துபோனார். அண்ணி பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். "அத்தை, நான் ஊருக்குப் போயிடுறேன். என் கையாலதானே செஞ்சேன்" என்றாள். அம்மாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "அந்த மனுசன் நோயில போனாரு. ஒன் பேப்பர்லயா போனாரு?" என்றார். அம்மா அவளுக்கு ஆதரவாக ஒரு வார்த்தை சொல்லி அன்றுதான் கேட்டேன். ஆனால் அண்ணியின் காதில் அது ஏறவில்லை. அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் கூடாரம் கட்டி, அங்கிளின் உடலை வைத்திருந்தார்கள். ஊதுபத்தி வாசம் எங்கள் சமையலறை சன்னல் வரை வந்தது. அண்ணி கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். திடீரென்று சேலையைச் சரிசெய்துகொண்டு, "வா பாப்பா, நீ பேசு, நான் மன்னிப்புக் கேக்கணும்" என்று என்னை இழுத்துக்கொண்டு கீழே போனாள். ஆன்ட்டி எங்களைப் பார்த்து எழுந்து நின்றார். அண்ணி கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. மன்னிப்பு என்பதற்கு நான் மலாய்ச் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தபோதே, ஆன்ட்டி அந்தக் கைகளைப் பிரித்து, ஒன்றைப் பிடித்துக்கொண்டு, கூடாரத்தின் ஓரத்துக்கு அழைத்துப் போனார்.

அங்கே காகிதத்தால் செய்த ஒரு பெரிய வீடு இருந்தது. இறந்தவர் மறுஉலகில் போய்க் குடியிருக்க அதை எரித்து அனுப்புவார்கள். இரண்டு மாடி, கார், காவலாளி, தொலைக்காட்சி, எல்லாம் காகிதம். ஆன்ட்டி பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலுமாகச் சொல்லச் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். வீட்டில் எல்லாம் இருக்கிறது, வாசலில்தான் ஒன்றுமே இல்லை. அங்கிள் தினமும் உன் வாசலைப் பார்த்துப் பழகியவர். இதற்கும் ஏதாவது செய்து மாட்டு. அண்ணி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "என்ன கலர்னு கேளு. மொதல்ல கலரக் கேளு." நான் கேட்டேன். அழுது வீங்கிய அந்த முகத்தில் வாயோரம் லேசாக அசைந்தது. "எல்லாக் கலரும் கேன். வொயிட்டும் கேன் லா" என்றார் ஆன்ட்டி. எந்த நிறமும் ஆகலாம், வெள்ளைகூட.

அண்ணி மின்தூக்கிக்குக் காத்திருக்காமல் படியேறி ஓடினாள். கத்தரிக்கோல் பெட்டிக்குள்ளே துணிகளுக்கு அடியில் போயிருந்தது. அதைத் தேடிப் பெட்டியைக் கட்டிலில் கவிழ்த்தாள். அந்தத் துணிகளை அவள் மறுபடி அடுக்கவில்லை. அண்ணன் ஒவ்வொன்றாக மடித்து அலமாரியில் வைத்ததை நான் பார்த்தேன். நோன்புப் பெருநாளான ஹரி ராயாவுக்கு வந்த பச்சைப் பண உறைகளை விரித்து, நகம் அளவு மாவிலைகளாக வெட்டி, நூலில் கோத்து ஒரு தோரணம் செய்தாள். எங்கள் வீட்டு விசேஷங்களில் வாசலுக்குக் கட்டுவதுதான். அதைக் காகித வீட்டின் வாசலில் ஒட்டிவிட்டு, தள்ளி நின்று பார்த்தாள், போய் நேராக்கினாள், மறுபடியும் தள்ளி நின்று பார்த்தாள்.

மறுநாள் மாலை புளோக்குக்குப் பின்னாலிருந்த புல்வெளியில் வீட்டைக் கொளுத்தினார்கள். ஆன்ட்டி தீயைப் பார்த்துத் தன் ஹொக்கியன் சீனத்தில் உரக்கக் கூப்பிட்டார். என்ன சொல்கிறார் என்று அவர் மகனிடம் கேட்டேன். வீடு வருகிறது, வந்து வாங்கிக்கொள் என்கிறாராம். வாசலில் இருப்பது பக்கத்து வீட்டுப் பெண் செய்தது, பிடித்துக் கழற்றிப் போட்டுவிடாதே என்கிறாராம். நான் அண்ணியிடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே காற்று சுழன்று அடித்தது. தோரணத்திலிருந்து ஒரு பச்சை இலை தீப்பிடிக்காமலே பிய்ந்து பறந்தது. அண்ணி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் புல்வெளி முழுக்க ஓடினாள். விட்டுடு, ஒரு இலைதானே என்று அம்மா கத்தினார். அண்ணி அதைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

"ஒண்ணு கொறஞ்சாலும் அவருக்குத் தெரிஞ்சிடும் அத்தை" என்று சொல்லிவிட்டு, இலையை ஆன்ட்டியின் கையில் கொடுத்தாள்.